படிகத்துக்குள் பிறக்கும் துளி

கெடா மாநிலத்தின் தெற்கில், செபராங் பிறையை ஒட்டிக் கிடக்கும் கூலிம் வட்டாரம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளீயச் சுரங்கங்களாலும், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் தமிழ்த் தொழிலாளர்கள் பால்மரம் சீவிய ரப்பர் தோட்டங்களாலும் அறியப்பட்டிருந்து, 1996-இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட பிறகு உலகக் குறைகடத்தித் தொழிலில் தனக்கென ஓர் இடத்தைப் பெற்றது. செமிகண்டக்டர் என்று ஆலைகளில் வழங்கும் இந்தக் குறைகடத்திப் பொருள்களைக் கொண்டு சில்டெரா நிறுவனம் சிலிக்கான் சில்லுகளையும், 2006 முதல் இன்ஃபினியான் மின்திறன் சில்லுகளையும், 2008 முதல் ஃபர்ஸ்ட் சோலார் காட்மியம் டெலுரைடு சூரியத் தகடுகளையும், 2017 முதல் ஓஸ்ராம் நீல எல்இடி சில்லுகளையும் இங்கே தயாரித்து வந்திருக்கின்றன. லுனாஸ், பாடாங் செராய், ஹென்ரியட்டா, விக்டோரியா, டப்ளின் தோட்டம் எனச் சுற்றுவட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு வேஃபர், கிளீன் ரூம், ஷிஃப்ட் என்னும் சொற்கள் இன்று மங்கு, வாளி, பால் கொட்டகை என்னும் சொற்கள் அவர்களுடைய பாட்டன்மாருக்கு இருந்ததைப் போலவே அன்றாடச் சொற்களாகிவிட்டன.

வேஃபர் எனப்படுவது, ஒற்றைப் படிகமாக வளர்க்கப்பட்ட ஒரு கனத்த உருளையைக் குறுக்கே மெல்லிய வட்டத் தகடுகளாக அறுத்து மெருகேற்றியதாகும். ஆலைக்குள் நுழையும்போது அது கண்ணாடிபோல் பளபளத்து, எங்கும் ஒரே சீராகத் தோன்றினாலும், அதன் உள்ளே எந்த அணு எங்கே நிற்கிறது, எங்கே கூடுதல், எங்கே குறை என்பதெல்லாம் அது உலையில் வளர்ந்து, சூடேற்றப்பட்டு, ஆற வைக்கப்பட்ட நாள்களிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த உலையில் நடப்பவற்றுள் கேட்பவர் எளிதில் நம்பாத ஒன்று உண்டு: தன் உருகுநிலைக்கு நூற்றுக்கணக்கான டிகிரி கீழே, முற்றிலும் திடமாக இருக்கும் ஒரு படிகத்தின் நடுவயிற்றில் திரவத் துளிகள் பிறக்கின்றன. அவை ஏன் பிறக்கின்றன, எந்த வெப்பநிலையில் பிறக்கும், எவ்வளவு பெரியதாக வளரும் என்பவற்றை முன்கூட்டியே சொல்ல முயலும் வெப்ப இயக்கவியல் கணக்கே இக்கட்டுரையின் பொருள்.

இதற்கு மிக நன்றாக ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு காலியம் ஆர்செனைடு ஆகும். கைத்தொலைபேசிகளின் வானொலி அலைச் சில்லுகளிலும், அகச்சிவப்பு ஒளியுமிழும் டையோடுகளிலும் பயன்படும் இச்சேர்மம், காலியம் அணுக்களும் ஆர்சனிக் அணுக்களும் சரிபாதியாக அமைந்த படிகம் என்று பாடநூல்கள் கூறுகின்றன. சரிபாதி என்பது ஓர் இலட்சியக் கணக்கே. உண்மையான படிகம் ஆர்சனிக்கைச் சிறிதளவு கூடுதலாக ஏற்றுக்கொள்கிறது. அந்தக் கூடுதல் அணுக்களுள் சில, காலியம் அமர வேண்டிய இடத்தில் போய் அமர்ந்துவிடுகின்றன. இவ்வாறு இடம் மாறி அமர்ந்த ஆர்சனிக்கைச் சார்ந்த குறைபாடு, இஎல்2 என்னும் பெயரால் அறியப்படுகிறது. பத்து இருபது லட்சம் காலியம் இடங்களுக்கு ஒன்று என்ற அளவில் மட்டுமே இருந்தும், அது படிகத்தின் மின்குணத்தையே மாற்றி, மின்சாரம் ஏறத்தாழப் பாயாத அரைக்காப்புப் பொருளாக அதை ஆக்கிவிடுகிறது. அதிவேகச் சில்லுகளுக்கு வேண்டியது இந்த அரைக்காப்புத் தன்மைதான். ஒரே வேஃபரில் பக்கம் பக்கமாக அமையும் ஆயிரக்கணக்கான மின்னுறுப்புகள் ஒன்றின் மின்னோட்டத்தை மற்றொன்று கெடுக்காமலிருப்பதற்கு அது துணைசெய்கிறது. ஆகவே ஆர்சனிக் கூடுதலை முற்றாக ஒழிப்பதும் கூடாது. அது ஓரிடத்தில் குவிவதும் கூடாது.

குவிவதைத் தடுப்பதற்காகவே வளர்ந்த படிகம் மீண்டும் உலைக்குச் செல்கிறது. காலியம் ஆர்செனைடின் உருகுநிலை 1238 டிகிரி செல்சியஸ். அதற்குக் கீழே, ஆயிரம் டிகிரியை ஒட்டிய வெப்பநிலைகளில், ஆர்சனிக் ஆவியின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்திய சூழலில், படிகம் நெடுநேரம் வைக்கப்படுகிறது. அணுக்கள் மெல்ல மெல்ல இடம்பெயர்ந்து பரவும் விரவல் என்னும் நிகழ்வால், கூடுதல் ஆர்சனிக் எங்கும் சமமாகப் பரவிவிடும் என்பது எதிர்பார்ப்பு. எதிர்பார்ப்பு பெருமளவு நிறைவேறினாலும், அதே வெப்பச் சிகிச்சை வேண்டாத ஒன்றையும் தருகிறது: ஆர்சனிக் மிகுந்த நுண்ணிய திரவத் துளிகள் திடத்தினுள்ளே உருவாகின்றன. படிகம் முழுவதும் ஆறிய பின் அவை உறைந்து ஆர்சனிக் வீழ்படிவுகளாக நின்றுவிடுகின்றன. மெருகேற்றிய வேஃபரைத் தகுந்த அமிலக் கரைசலில் சிறிது அரிக்கவிட்டு உருப்பெருக்கியில் பார்த்தால், வழவழப்பான பரப்பில் அவை இருந்த இடங்கள் குழிகளாகவும் மேடுகளாகவும் தெரிகின்றன.

ஆறும்போது ஏன் உபரி வெளிவருகிறது என்பதை அடுப்படியில் காணலாம். சூடான சர்க்கரைப் பாகு தாங்கும் அளவு சர்க்கரையை ஆறிய பாகு தாங்குவதில்லை. மிஞ்சியது பாத்திரத்தின் ஓரத்தில் கற்கண்டாகப் படிகிறது. இங்கே பாகின் இடத்தில் இருப்பது திடப்படிகம். அதில் கரைந்திருப்பது கூடுதல் ஆர்சனிக். ஒரு குறிப்பிட்ட உயர் வெப்பநிலையில் படிகம் மிகுதியான உபரியைத் தாங்குகிறது. அதற்குக் கீழே செல்லச் செல்லத் தாங்கும் அளவு சுருங்குகிறது. தாங்கும் அளவுக்கு மேல் உபரி நிற்கும் நிலையை மீதெவிட்டிய நிலை என்பர். வெளியேறும் உபரி திடமாக வெளியேறுமா, திரவமாக வெளியேறுமா என்பதை நிலை வரைபடம் சொல்கிறது. எந்த வெப்பநிலையில், எந்தக் கலவையில், எந்த நிலை நிலைபெறும் என்பதைக் காட்டும் படம் அது. காலியமும் ஆர்சனிக்கும் சேர்ந்த அமைப்பில், ஆர்சனிக் மிகுந்த திரவம் சுமார் 800 டிகிரி வரையில் உறையாமல் இருக்கவல்லது. படிகம் 1238-இல் உறைந்துவிட்ட பிறகும், 800-ஐத் தொடும் வரை, அதனுள் திரவம் வாழ்வதற்கான நானூறு டிகிரி அகலமுள்ள ஒரு பரப்பு திறந்தே இருக்கிறது என்பது இதன் பொருள்.

இதை எண்களாக மாற்றும் வழியை அமைத்தவர் அமெரிக்க அறிஞர் வில்லார்ட் கிப்ஸ். 1876 முதல் 1878 வரை அவர் வெளியிட்ட நெடிய ஆய்வுரையில் வேதியழுத்தம் என்னும் அளவு வரையறுக்கப்பட்டது. ஓர் இடத்தில் ஒரு பொருளின் அணுவைச் சிறிதளவு கூடுதலாகச் சேர்க்கும்போது அந்த அமைப்பின் கட்டிலா ஆற்றல், அதாவது வேலையாக மாற்றத்தக்க ஆற்றல், எவ்வளவு மாறுகிறது என்பதே வேதியழுத்தம் ஆகும். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குச் செல்வதுபோலவே அணுக்கள் வேதியழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் செல்கின்றன. இரண்டு பக்கமும் சமமானதும் நின்றுவிடுகின்றன. திடத்திலும் துளியிலும் ஆர்சனிக்கின் வேதியழுத்தம் சமமாக இருக்க வேண்டும், காலியத்தின் வேதியழுத்தமும் சமமாக இருக்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளிலிருந்து துளியின் கலவையும் அதைச் சூழ்ந்த படிகத்தின் கலவையும் கணக்கில் வந்துவிடுகின்றன.

திடத்தின் பக்கக் கணக்கில்தான் நுட்பம் அதிகம். திரவத்தில் எந்த அணுவும் எங்கும் இருக்கலாம். படிகத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் உரிமை உண்டு. ஆகவே காலியம் ஆர்செனைடு படிகம் மூன்று உள்ளணிகளாகப் பிரித்துக் கணக்கிடப்படுகிறது: காலியத்துக்கு உரிய இடங்கள் ஓர் அணி, ஆர்சனிக்குக்கு உரிய இடங்கள் ஓர் அணி, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட, இயல்பாகக் காலியாகக் கிடக்கும் இடைவெளிகள் மூன்றாவது அணி. காலியம் அணியில் சில இடங்களில் ஆர்சனிக் அமர்ந்திருக்கும். சில இடங்கள் வெற்றிடமாக இருக்கும். இடைவெளி அணியில் ஆங்காங்கே ஓர் ஆர்சனிக் அணு நெருக்கியடித்து நிற்கும். உபரி என்று ஒற்றை எண்ணாகச் சொல்லப்படுவது, உண்மையில் இந்த மூன்று அணிகளிலும் வெவ்வேறு வேடத்தில் ஒளிந்திருக்கும் அணுக்களின் கூட்டுத்தொகை. வெப்பநிலை மாறினால் வேடங்களின் விகிதமும் மாறும் என்பதால், அத்தனையையும் சேர்த்துத் தீர்க்கும் சமன்பாடுகளைக் கணினியின் துணையின்றிக் கையாள்வது கடினம்.

இவ்வளவு செய்த பிறகும் கிடைப்பது, துளி மிகப்பெரியதாக இருந்தால் என்ன ஆகும் என்ற விடை மட்டுமே. துளி பிறக்கும்போது பெரியதாக இருப்பதில்லை. சில அணுக்களின் தற்செயலான கூடலாக அது தொடங்குகிறது. அந்நிலையில் இரண்டு விசைகள் ஒன்றையொன்று எதிர்க்கின்றன. மீதெவிட்டிய படிகத்திலிருந்து உபரி வெளியேறித் திரவமாகும்போது ஆற்றல் குறைகிறது. இந்த ஆதாயம் துளியின் கன அளவைப் பொறுத்தது. துளிக்கும் திடத்துக்கும் நடுவே புதிதாக ஓர் எல்லைப் பரப்பு உருவாவதால் ஆற்றல் கூடுகிறது. இந்தச் செலவு துளியின் பரப்பளவைப் பொறுத்தது. சிறிய துளியில் கன அளவை விடப் பரப்பே மேலோங்கி நிற்பதால் செலவு மிகுந்து, துளி மறுபடியும் கரைந்துவிடுகிறது. ஒரு குறிப்பிட்ட ஆரத்தைக் கடந்த துளியில் ஆதாயம் மிகுந்து, அது வளர்கிறது. அந்த எல்லை ஆரம் உடைய துளிக்குக் கரு என்று பெயர். கருக்கள் எவ்வளவு விரைவில் தோன்றும் என்பதை, அணுக்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தும் விலகியும் துளி ஏறி இறங்கும் ஏணியாகக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் ரிச்சர்ட் பெக்கரும் வெர்னர் டோரிங்கும். 1935-இல் ஜெர்மனியில் அவர்கள் வெளியிட்ட கோட்பாடு நீராவி மேகத் துளியாவதை விளக்குவதற்காக உருவானது.

மேகத்துக்குப் பொருந்திய கோட்பாட்டை அப்படியே படிகத்துக்குள் கொண்டுவர முடியாது என்பதை அழுத்தமாகக் காட்டியது பெர்லின் நகரின் வையர்ஸ்ட்ராஸ் பயன்முறைப் பகுப்பாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வோல்ஃப்காங் டிரையர், ஃபிராங்க் டுடர்ஸ்டாட் ஆகியோரின் பணியாகும். 2000-ஆம் ஆண்டுகளில் அவர்கள் காலியம் ஆர்செனைடு படிகத்தின் துளிகளை எடுத்துக்கொண்டு தொடர்ச்சியாக ஆய்வுக் கட்டுரைகள் எழுதினர். மேகத்தில் துளியைச் சுற்றியிருப்பது காற்று. அது விலகி இடம்கொடுக்கும். படிகத்தில் துளியைச் சுற்றியிருப்பது இறுகிய திடம். அது எளிதில் விலகாது. உருகும்போது காலியம் ஆர்செனைடு சுருங்கும், உறையும்போது விரியும் தன்மையது என்பதால், திடத்தின் ஒரு பகுதி திரவமானதும் அந்தத் திரவத்துக்கும் அது நிரப்ப வேண்டிய குழிக்கும் கன அளவு பொருந்தாமல் போகிறது. பொருந்தாமையின் விளைவாகச் சுற்றியுள்ள திடம் இழுபட்டும் நசுங்கியும் தகைவுக்கு உள்ளாகிறது. தகைவில் சேமிக்கப்படும் ஆற்றல் வேதியழுத்தத்தையே மாற்றிவிடுகிறது.

பரப்பு இழுவிசையின் பங்கும் சிறியதன்று. எல்லைப் பரப்பின் இழுவிசை ஒரு மீட்டருக்கு அரை நியூட்டன் என்று ஓர் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டால், பத்து நானோமீட்டர் ஆரமுள்ள, அதாவது சுமார் இரண்டு லட்சம் அணுக்கள் மட்டுமே கொண்ட ஒரு துளியின் எல்லையில் அந்த இழுவிசை உண்டாக்கும் அழுத்த வேறுபாடு ஏறத்தாழ ஆயிரம் வளிமண்டலங்களாகிறது. இது பசிபிக் பெருங்கடலின் மிக ஆழமான மரியானா அகழியின் அடியில் நிலவும் அழுத்தத்துக்கு நிகர். துளி பெருத்து ஒரு மைக்ரோமீட்டரானால் அதே வேறுபாடு பத்து வளிமண்டலங்களாகக் குறைந்துவிடும். ஆகவே பாடநூலில் உள்ள நிலை வரைபடம், துளியின் அளவைப் பொறுத்து வளைந்து நகரும் ஒன்றாகிவிடுகிறது. டிரையர் குழுவினர் இவ்விரு விளைவுகளையும் சேர்த்து 800 டிகிரியை ஒட்டிய கீழெல்லைக்கு மேலே காலியம் ஆர்செனைடுக்குப் புதிய நிலை வரைபடங்களைக் கணித்துப் பழையவற்றுடன் ஒப்பிட்டனர். திடத்தின் மீள்தன்மையை எவ்வளவு எளிய விதியால் குறிக்கலாம், எந்த இடத்தில் எளிய ஹூக் விதி கணக்கைத் தவறாக்கும் என்பதையும் அவர்கள் வரையறுத்தனர். வெளிப்பார்வைக்கு உலர்ந்த கணிதமாகத் தோன்றும் இந்தக் கடைசிப் பகுதியே அந்தப் பணியின் உயிர்நாடி. ஏனெனில் வேதியழுத்தத்தில் தகைவின் பங்கு மிகச் சிறிய எண்களின் வேறுபாடாக வருகிறது, சமன்பாட்டில் ஓர் உறுப்பை விட்டுவிட்டால் துளி பிறக்கும் என்ற விடை பிறக்காது என்று மாறிவிடக்கூடும்.

கணக்கு இன்னொன்றையும் வெளிக்கொணர்ந்தது. திறந்த வெளியில் கருவின் அளவைக் கடந்த துளி வளர்ந்துகொண்டே போகும்; மூடிய படிகத்தில் உபரி ஆர்சனிக்குக்கு ஓர் எல்லை இருப்பதால், துளி வளர வளர அதற்குத் தீனியாகும் உபரி குறைந்து, ஓர் அளவில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. பல துளிகள் ஒன்றாக இருந்தால், சிறியவை கரைந்து அவற்றின் ஆர்சனிக் பெரியவற்றைச் சென்றடையும். வில்ஹெல்ம் ஓஸ்வால்டின் பெயரால் வழங்கும் இந்த முதிர்தலால் துளிகளின் எண்ணிக்கை குறைந்து அளவு கூடுகிறது. உலையில் எவ்வளவு நேரம் வைப்பது, எந்த வேகத்தில் ஆறவிடுவது என்று முடிவு செய்பவருக்கு, எண்ணற்ற சிறு துளிகளா, சில பெரிய துளிகளா என்ற தெரிவு இவ்வாறு கைக்கு வருகிறது.

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில் உள்ள ஃபிரைபெர்க் நகரில் காலியம் ஆர்செனைடு படிகங்களை வளர்க்கும் முன்னணி நிறுவனம் ஒன்று இயங்கிவருகிறது. டிரையர் குழுவினரின் கேள்வி இத்தகைய உலைகளிலிருந்து எழுந்ததே. ஃபிரைபெர்க்கைப் பற்றிக் கூலிம் வாசகர் அறிவது பயனுள்ளது. அது வெள்ளிச் சுரங்க நகரம். 1765-இல் அங்கே சுரங்கக் கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. 1863-இல் இண்டியமும், 1886-இல் கிளெமன்ஸ் விங்க்ளரால் ஜெர்மானியமும் அங்கேதான் கண்டறியப்பட்டன. கூலிமில் தயாராகும் நீல எல்இடி சில்லுகளின் ஒளிதரும் அடுக்கில் இருப்பது இண்டியம் கலந்த காலியம் நைட்ரைடு. சுரங்கம் ஓய்ந்த பின்னும் ஃபிரைபெர்க்கில் கனிமங்களை அறியும் கல்வி ஓயவில்லை, அந்தக் கல்வியின் மீதே படிகத் தொழில் அமர்ந்தது. வெள்ளீயமும் ரப்பரும் கண்ட கூலிமுக்குச் சில்லு ஆலைகள் வந்துவிட்டன. அவற்றின் அடித்தளமான படிக அறிவு இவ்வூர்ப் பிள்ளைகளின் கைக்கு இன்னும் முழுமையாக வந்து சேர வேண்டும் என்பதை இவ்விடத்தில் சொல்லாமல் செல்வது நேர்மையாகாது.

துளி எப்போதும் தீங்கு செய்வதில்லை. சிலிக்கானில் அது நன்மையும் செய்யவல்லது. 1414 டிகிரியில் உருகும் சிலிக்கானில் செம்பு, நிக்கல், இரும்பு ஆகியவை சிறிதளவு கலந்திருந்தால், உயர் வெப்பநிலையில் அவை கரைந்து மறைந்திருக்கும். ஆறும்போது மீதெவிட்டி வெளியேறும். செம்பும் சிலிக்கானும் சேர்ந்த கலவை 802 டிகிரி வரை திரவமாக இருக்கவல்லது. அமெரிக்காவின் எம்ஐடி கல்விக்கழகத்தில் டோனியோ புவோனசிசியின் குழுவினர், 2010-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வுலோகங்களைக் கரைத்த சிலிக்கானை வெப்ப மேடையில் வைத்து, நுண்ணிய எக்ஸ்-கதிர்க் கற்றையால் ஆராய்ந்தபோது, திடச் சிலிக்கான் குளிரும் வேளையில் அதனுள்ளே உலோகத் திரவத் துளிகள் தோன்றுவதைக் கண்டனர். குளிரும்போது உருகுதல் என்ற இந்த விந்தையான நிகழ்வுக்குப் பின்னோக்கு உருகல் என்று பெயர். உலோக அசுத்தங்கள் திடத்தைவிடத் திரவத்தில் பன்மடங்கு எளிதாகக் கரைவதால், பிறந்த துளி சுற்றுப்புறத்தின் அசுத்தங்களைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. மீதமுள்ள சிலிக்கான் தூய்மையடைகிறது. சூரிய மின்கலத்தில் பரவிக் கிடக்கும் உலோக அணுக்கள், ஒளியால் பிறந்த மின்னேற்றங்களை வழியிலேயே விழுங்கிவிடுவதால், அவற்றை ஒரு சில இடங்களில் அடைத்துவைப்பது மின்கலத்தின் திறனைக் காக்கிறது. கூலிம் பூங்காவில் 2012 முதல் பேனசோனிக் சில ஆண்டுகள் சிலிக்கான் சூரியத் தகடுகளைத் தயாரித்து வந்ததை அறிந்தவர்களுக்கு இக்கணக்கு தொலைவான ஒன்றாக இராது.

காட்மியம் டெலுரைடின் கதை மேலும் ஒரு படி முன்னேறுகிறது. ஃபர்ஸ்ட் சோலார் ஆலையில் இச்சேர்மம் கண்ணாடியின் மீது மெல்லிய படலமாகப் படிய வைக்கப்படுகிறது. கதிர்வீச்சை உணரும் கருவிகளுக்கோ காட்மியம், துத்தநாகம், டெலுரியம் சேர்ந்த பெரிய ஒற்றைப் படிகங்கள் வளர்க்கப்படுகின்றன. அப்படிகங்களில் மிஞ்சும் உபரி டெலுரியம். அது சுமார் 450 டிகிரியில்தான் உறையும் என்பதால், 1092 டிகிரியில் உருகும் காட்மியம் டெலுரைடு திடமான நெடுநேரத்துக்குப் பின்னும் டெலுரியத் துளிகள் அதனுள் திரவமாகவே இருக்கின்றன. இப்படிகத்தின் ஒரு பக்கத்தைச் சற்றே அதிகச் சூடாக வைத்தால், துளிகள் நகரத் தொடங்குகின்றன. துளியின் சூடான ஓரத்தில் திடம் துளிக்குள் கரைகிறது; கரைந்தது துளியைக் குறுக்கே கடந்து குளிர்ந்த ஓரத்தில் மறுபடியும் படிகமாகப் படிகிறது; முன்னே கரைத்துப் பின்னே கட்டியபடி துளி சூட்டை நோக்கித் திடத்தினூடே பயணம் செய்கிறது. இந்த இயக்கத்தை 1950-களில் குறைகடத்தித் தூய்மைக்குப் பயன்படும் முறையாக வளர்த்தவர் பெல் ஆய்வகத்தின் வில்லியம் ஃபான். துளிகளைப் படிகத்தின் ஓரத்துக்கு ஓட்டிச் சென்று வெளியேற்றும் வெப்பச் சிகிச்சைக்கு இதுவே அடிப்படை. பாறையுப்பில் சிறைப்பட்ட உவர்நீர்த் துளிகளும் இதே விதிப்படி சூட்டை நோக்கி நகர்கின்றன. அணுக்கழிவை உப்புச் சுரங்கங்களில் புதைக்கலாமா என்று ஆராய்ந்தவர்கள், வெப்பம் உமிழும் கழிவை நோக்கி உவர்நீர் வந்து சேருமே என்று கவலைப்பட்டுக் கணக்கிட்டதும் இதே நகர்வைத்தான்.

தென்னிந்தியாவில் இத்துறைக்கு ஆழமான பங்களிப்பு பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து வந்தது. அங்கே காமானியோ சட்டோபாத்யாய் குழுவினர், அலுமினியத்தையும் காரீயத்தையும் ஒன்றாக உருக்கி, வேகமாகச் சுழலும் உலோகச் சக்கரத்தின் மீது பாய்ச்சி நொடிப்பொழுதில் உறைய வைத்தனர். ஒன்றோடொன்று கலக்காத இவ்விரு உலோகங்களில், காரீயம் நானோமீட்டர் அளவுப் பொட்டுகளாக அலுமினியப் படிகத்துக்குள் சிறைப்படுகிறது. காரீயம் 327 டிகிரியிலும் அலுமினியம் 660 டிகிரியிலும் உருகுவதால், இடைப்பட்ட வெப்பநிலைகளில் திடத்துக்குள் திரவம் என்ற நிலையைத் தேவைப்படும்போதெல்லாம் உண்டாக்கிக் காண முடிகிறது. அப்படிக் கண்டபோது, படிகத்தோடு சரியாகப் பொருந்தி அமர்ந்த பொட்டுகள் 327 டிகிரியைத் தாண்டியும் உருகாமல் திடமாக நின்றன. உருகிய பின்னர் ஆற வைத்தால் 327-க்கு வெகு கீழே சென்ற பிறகே உறைந்தன. சாதாரணக் காரீயக் கட்டி தன் வெளிப்பரப்பிலிருந்து உருகத் தொடங்குகிறது. அலுமினியத்தால் எல்லாப் பக்கமும் அணைக்கப்பட்ட பொட்டுக்கு அத்தகைய தளர்ந்த பரப்பு இல்லை என்பதால் உருகுதல் தாமதமாகிறது. சட்டோபாத்யாயும் கோஸ்வாமியும் 1997-இல் எழுதிய நெடிய மீளாய்வு இப்பொருள் குறித்து இன்றும் படிக்கப்படுகிறது. துளியின் விதியை அதன் உட்பொருள் மட்டும் முடிவு செய்வதில்லை, சுற்றியுள்ள படிகத்தோடு அது கொண்ட எல்லையும் முடிவு செய்கிறது என்பதைப் பெர்லினில் சமன்பாடு காட்டியது, பெங்களூரில் எலக்ட்ரான் உருப்பெருக்கி காட்டியது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982-இல் நிறுவப்பட்ட படிக வளர்ப்பு மையமும் தமிழ்நாட்டில் இத்துறைக்கு ஆள்களை உருவாக்கிவந்திருக்கிறது.

கூலிமில் அண்மையில் நிகழ்ந்த பெரிய மாற்றம் சிலிக்கான் கார்பைடின் வருகை. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியான் தன் புதிய ஆலையின் முதற்கட்டத்தைத் திறந்தது. மின்வாகனங்களுக்கும் சூரிய மின்னமைப்புகளுக்கும் வேண்டிய மின்திறன் சில்லுகள் அங்கே தயாராகின்றன. சிலிக்கான் கார்பைடு சாதாரண அழுத்தத்தில் உருகாது. இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் அது நேரே ஆவியாகும், அந்த ஆவியிலிருந்தே படிகம் வளர்க்கப்படுகிறது. ஆயினும் துளியின் தொல்லை இங்கும் வேறு வடிவில் உண்டு. வேஃபரின் மீது தூய அடுக்கை வளர்ப்பதற்காகச் சிலிக்கான் கொண்ட சிலேன் வளியை மிகுதியாகச் செலுத்தினால், சிலிக்கான் அணுக்கள் வளியிலேயே திரண்டு திரவத் துளிகளாகி, வளரும் படிகத்தில் விழுந்து அதைக் கெடுக்கின்றன. குளோரின் கொண்ட வளிகளைச் சேர்த்து அத்திரளலைத் தடுக்கும் முறையை வகுப்பதற்கும், கரு உருவாகும் நிபந்தனையைத் தரும் அதே கணக்கே உதவுகிறது.

டிரையர் பின்னர் இந்தச் சமன்பாடுகளை லித்தியம் மின்கலங்களின் பக்கம் திருப்பினார். இரும்பு பாஸ்பேட்டு மின்முனையில் லித்தியம் நுழையும்போது, அதன் ஒவ்வொரு துகளும் லித்தியம் மிகுந்த நிலை, குறைந்த நிலை என்ற இரண்டில் ஒன்றையே விரும்புகிறது. திடத்துக்குள் துளி பிறப்பதற்கும் இதற்கும் கணித வடிவில் வேறுபாடு குறைவு. இத்தகைய மின்கலத்தை எவ்வளவு மெதுவாகச் சார்ஜ் செய்தாலும், சார்ஜ் ஏறும்போதைய மின்னழுத்தமும் இறங்கும்போதைய மின்னழுத்தமும் ஒன்றாவதில்லை. இந்த நெடுநாள் புதிருக்கு, கோடிக்கணக்கான துகள்கள் லித்தியத்தைத் தமக்குள் பரிமாறிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக நிலை மாறுவதே காரணம் என்று அவரும் அவருடைய கூட்டாளிகளும் 2010-இல் விளக்கம் தந்தனர். கூலிமிலும் 2023-இல் ஈவ் எனர்ஜி நிறுவனத்தின் உருளை மின்கல ஆலைக்குக் கட்டுமானம் தொடங்கியது. வேஃபர் பிடித்த கைகள் மின்கலம் பிடிக்கும் இவ்வேளையில், பாலிடெக்னிக்கிலும் பல்கலைக்கழகத்திலும் வெப்ப இயக்கவியலைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் படித்து முடிக்கும் இவ்வட்டார மாணவர்கள், வேதியழுத்தம் என்ற அந்த ஒற்றை அளவோடு மேலும் சில மாதங்கள் பழகினால், தாங்கள் இயக்கும் உலையின் வெப்பநிலை அட்டவணை ஏன் அப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பிறர் சொல்லாமலே கணக்கிட்டு அறிய முடியும்.